தெரு பார்க்கும் சுவரும் வெயில் வாங்கும் சுவரும்

தாம்பரத்தைத் தாண்டிச் செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் கிழக்குப் பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி எங்கும் வீடுகளின் பின்புறம்தான் கண்ணில் படும். வரிசை வரிசையாகப் பூசாத செங்கல் சுவர்கள். கலவை பிதுங்கி அப்படியே காய்ந்த இணைப்புகள், பீமிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கட்டுக்கம்பி, மழைநீர் இறங்கிக் கறுத்த கோடுகள். அதே வீட்டைத் தெருவுக்குள் போய் முன்னால் நின்று பார்த்தால் நம்ப முடியாது. கருஞ்சாம்பல் நிறத்தில் ஏ.சி.பி. எனப்படும் அலுமினியக் கலப்பு ஷீட், மரம் மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் பட்டைகள், ஒட்டுக்கல், அதன்மேல் விழும் மஞ்சள் விளக்கு.

இந்தப் பகுதியில் தனிவீடு கட்டித்தருவது என் தொழில். அஸ்திவாரம் முடிந்து சுவர் எழும்பத் தொடங்கியதுமே வீட்டுக்காரர்கள் போனில் படங்களைக் காட்டுகிறார்கள். “எலிவேஷன் மட்டும் இதே மாதிரி வேணும் மேடம்” என்கிறார்கள். மேற்குச் சுவருக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். வெளிச்சுவருக்கு எந்தப் பொருள் என்பதைத் தெரு முடிவு செய்யக் கூடாது. வெயிலும் மழையும் முடிவு செய்ய வேண்டும்.

ரயிலிலிருந்து தெரியும் அந்தச் சுவர்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். தண்டவாளத்துக்குக் கிழக்கே இருக்கும் வீடு நமக்குக் காட்டுவது தன் மேற்குச் சுவரை. நம் ஊரில் கிழக்குப் பார்த்த மனைக்குத்தான் கிராக்கி, விலையும் கூட. கிழக்கே வாசல் வைத்தால் வீட்டின் பின்புறம் மேற்காகிறது. பணம் தீரும்போது முதலில் கைவிடப்படுவது பின்புறம். ஆக, நாள் முழுவதும் சூடேறிய காற்றோடு பிற்பகல் வெயிலையும் சேர்த்து வாங்கும் சுவருக்குத்தான் ஒரு சட்டி கலவைகூட மிஞ்சுவதில்லை.

இதோடு வாஸ்துவும் சேர்ந்துகொள்கிறது. குடும்பத் தலைவரின் படுக்கையறை கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், வர வேண்டும் என்பார்கள். அந்த நம்பிக்கையோடு நான் மல்லுக்கு நிற்பதில்லை. ஆனால் அந்த அறையின் இரண்டு வெளிச்சுவர்களும் தெற்கையும் மேற்கையும் பார்த்தவை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் வெளிப்புறம் ஏறும் சூடு உள்ளே வந்து சேர ஆறேழு மணி நேரமாவது ஆகும். பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு ஏறிய சூடு, இரவு பத்து பதினோரு மணிக்கு, நீங்கள் படுக்கப் போகும் நேரத்துக்குக் கட்டில் தலைமாட்டில் வந்து நிற்கும். சித்திரை வைகாசியில் அந்த நேரத்தில் அறையின் கிழக்குப் பக்கத் தடுப்புச் சுவரில் ஒரு கையும் மேற்குச் சுவரில் ஒரு கையும் வைத்துப் பாருங்கள். ஏ.சி. இரவெல்லாம் எதோடு போராடுகிறது என்பதை உள்ளங்கை சொல்லிவிடும்.

தெற்கு அவ்வளவு மோசமில்லை. சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் கடைசியில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சற்றே வடக்கே சாய்ந்து நிற்கும். கொளுத்தும் மாதங்களில் தெற்குச் சுவரில் வெயில் அதிகம் விழுவதே இல்லை. மற்ற மாதங்களில் உச்சியிலிருந்து விழும் வெயிலை இரண்டடி சன்ஷேடு பெரும்பாலும் தடுத்துவிடும். மேற்கில் அந்தச் சன்ஷேடு பயன்படாது. மாலைச் சூரியன் தாழ்ந்து வந்து சுவரில் நேராக அறைகிறது.

மழைக்கு வேறு திசை. நம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. வடகிழக்கிலிருந்து அடிக்கும் காற்று சாரலை வடக்குச் சுவரிலும் கிழக்குச் சுவரிலும் கொண்டுவந்து மோதும். ஒரு வாரம் விடாமல் சாரல் அடித்தால் பூசாத செங்கல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். பொங்கல் வரும்போது உள்பக்கம் பெயின்ட் உப்பி, வெள்ளை வெள்ளையாக உப்புப் பொரிந்து, பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை வாடை அடிக்கும். வீட்டுக்காரர் அப்போது உள்சுவருக்கு மறுபடியும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கிறார். அடுத்த கார்த்திகையில் அதே இடம், அதே கறை. தண்ணீர் வரும் பக்கத்தை அடைக்காமல் தெரியும் பக்கத்துக்கு மருந்து போட்டால் எப்படி நிற்கும்?

ஆகவே நான் முதலில் வாதாடுவது ஆடம்பரப் பொருள் எதற்காகவும் அல்ல. ஒழுங்கான சிமென்ட் பூச்சுக்காக. நாலு பக்கமும். எங்கள் பக்கத்து விலையில், ஒரு சதுர அடிக்கு ஏ.சி.பி. போடும் காசில் நாலு சதுர அடிச் சுவரைப் பூசிப் பெயின்ட்டும் அடித்துவிடலாம். பூச்சு மலிவு என்பதால் அதை எப்படி வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அந்த நினைப்புதான் அதைக் கெடுக்கிறது.

நல்ல வெளிப்பூச்சு எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். முந்தின நாளே செங்கல் இணைப்புகளைச் சுரண்டிவிட்டு, கான்கிரீட் தூணிலும் பீமிலும் உளியால் பொத்தல் பொத்தலாகக் கொத்திவிட வேண்டும். தூணும் செங்கலும் சேரும் இடத்தில் கோழிவலையை ஓரடி அகலத்துக்கு ஆணியடித்து இழுத்துக் கட்ட வேண்டும். இரண்டும் வெயிலில் ஒரே அளவு விரிவதில்லை. வலை இல்லாவிட்டால் அந்தக் கோட்டில் ஒரு வருடத்துக்குள் விரிசல் ஓடும். காலையில் சுவரை நனைத்து, தூக்குக்குண்டு பிடித்து, பூச்சின் கனத்தைக் காட்டும் புல் மார்க் வைத்துவிட்டு, ஒன்றுக்கு ஐந்து என்ற கணக்கில் சலித்த மணலோடு கலவை. பதினைந்து மில்லிமீட்டர் போதும். சுவர் கோணலாக இருந்து அதற்கு மேல் தேவைப்பட்டால் இரண்டு தடவையாகப் பூச வேண்டும். ஒரே அப்பாக அப்பினால் கீழே இறங்கிவிடும்.

சாரத்தின் மேல் நின்று கவனிக்க வேண்டிய நேரம் இதற்குப் பிறகு வருகிறது. பூசிய கலவை இழுக்க நேரமாகும். மணி நாலாகிவிட்டது, கொத்தனாருக்கு வீடு போக வேண்டும். அவர் ஒரு கை சிமென்டை அள்ளி ஈரச் சுவரில் தூவுவார். மேல்பரப்பு சட்டென்று இறுகும், மணியாசுக்கட்டை வழுக்கிக்கொண்டு போகும், சுவர் கண்ணாடியாகத் தெரியும். வீட்டுக்காரருக்கு ரொம்பத் திருப்தி. அந்தத் தூவல்தான் மறுநாள் வெயிலில் மயிரிழை மயிரிழையாக வெடித்து, சாரல் உள்ளே போக ஆயிரம் வழி திறந்துவிடும். தூவாமல், காத்திருந்து, ஸ்பாஞ்ச் வைத்து லேசாகச் சொரசொரப்பாக முடித்த சுவர் பார்வைக்குச் சாதாரணம். மழைக்கு அதுதான் உறுதி. என் மேஸ்திரியிடம் நான் விடாமல் சொல்வது இது ஒன்றுதான். பிறகு ஏழு நாளாவது தண்ணீர். மேற்குச் சுவரில் மதியமே காய்ந்துவிடும், எனவே சாக்கு தொங்கவிட்டு நனைக்க வேண்டும். வாயில் வைத்தால் கரிக்கும் போர்த் தண்ணீரைக் கலவைக்கும் ஊற்றக் கூடாது, நனைக்கவும் கூடாது. அந்த உப்பு சுவரிலேயே தங்கிவிடும்.

பூச்சோடு சேர்ந்த சின்ன வேலைகள் சில உண்டு. காசு அதிகம் ஆகாது, ஆனால் பிறகு செய்ய முடியாது. சன்ஷேடின் அடிப்புறம், விளிம்பிலிருந்து ஓரிரு அங்குலம் உள்ளே, விரல் அகலத்துக்கு ஒரு காடி இழுத்துவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். சுவர்வரை ஊர்ந்து வராது. ஜன்னலின் அடித்தளம் வெளிப்பக்கம் சரிய வேண்டும். கைப்பிடிச் சுவரின் தலை மொட்டைமாடிப் பக்கம் சரிய வேண்டும். நம் வீடுகளில் மாடியிலிருந்து கறுப்புக் கறுப்பாக இறங்கும் அந்தக் கோடுகளில் பெரும்பாலானவை இந்தச் சரிவு இல்லாததால் வந்தவை. அவற்றை மறைக்கத்தான் பலர் ஷீட் ஒட்டுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

நிறம். இப்போது எங்கு பார்த்தாலும் கருஞ்சாம்பல். நல்ல வெள்ளைப் பூச்சு தன்மேல் விழும் வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். கருஞ்சாம்பல் பெரும்பங்கை விழுங்கிவிடும். தெருப் பக்கம் உங்கள் ஆசைப்படி அடித்துக்கொள்ளுங்கள். மேற்குக்கு வெள்ளை, அல்லது வெள்ளையை ஒட்டிய வெளிர் நிறம். சிமென்ட் பூச்சு காய்ந்து அடங்க நாலு வாரம் கொடுத்துவிட்டு, ப்ரைமர் ஒரு கை, எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கை அடித்தால் போதும். கிருகப்பிரவேசத் தேதி நெருங்கிவிட்டது என்று பத்தாம் நாளே அடிக்கும் பெயின்ட் அப்பளமாகப் பொரிந்து உதிரும்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க மனம் இருந்தால் அதையும் மேற்கில் செலவழியுங்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு நம் மேற்குச் சுவருக்கென்றே செய்தது போன்றது. செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுவார்கள். ஒன்பது அங்குலச் சுவரின் நடுவே காற்று நிற்கும் இடைவெளி கிடைக்கும், செங்கலும் சுமார் கால் பங்கு மிச்சமாகும். சூடு உள்ளே வருவதை அந்தக் காற்று நன்றாகத் தாமதப்படுத்தும். தூண் பீம் போட்டுக் கட்டும் வீட்டில் ஒரு பக்கச் சுவரை மட்டும் இப்படிக் கட்டுவதில் எந்தச் சிரமமும் இல்லை. பழகிய கொத்தனார் வேண்டும், செங்கல் அளவு பிசகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் வழியில்லையென்றால், சுவரிலிருந்து அரையடி தள்ளிக் கம்பிவலை நிறுத்திக் கொடி ஏற்றலாம். இடம் இருந்தால் ஒரு புங்கன். சுவருக்கு நிழல் விழுந்தால் போதும். அது எதனால் விழுகிறது என்று சூரியன் பார்ப்பதில்லை.

பூசாமலே விடுவதை நான் முழுக்க எதிர்ப்பதாக நினைத்துவிட வேண்டாம். 1892-ல் திறக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றக் கட்டடமும் 1908-ல் திறந்த எழும்பூர் ரயில் நிலையமும் செங்கலை மறைக்காமல் நிற்பவைதான். அங்கே செங்கல் வெளியே தெரிவதற்காகவே தேர்ந்தெடுத்துச் சுடப்பட்டது, இணைப்புகள் ஒவ்வொன்றும் பாயிண்டிங் செய்யப்பட்டன. பணம் தீர்ந்து நின்றுபோன சுவரும் அதுவும் ஒன்றல்ல. செங்கல் தெரிய வேண்டும் என்று விரும்பினால் சூளையிலிருந்து வந்த லோடில் நாலைந்து கல்லை எடுத்து, காயவைத்து எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து மறுபடி எடை போடுங்கள். மூன்று கிலோ கல் 3.6 கிலோவுக்கு மேல் போனால், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் குடித்தால், அதை வெளியே காட்டாதீர்கள், பூசிவிடுங்கள். வேகாத நாட்டுச் செங்கலைப் பளபளவென்று வார்னிஷ் அடித்து ‘எக்ஸ்போஸ்டு பிரிக்’ என்று விற்பவர்களிடம் இந்த ஒரு சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

இனி ஏ.சி.பி. ஷீட். மெல்லிய இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் அல்லது கனிமம் கலந்த பிளாஸ்டிக் வைத்த மூன்று நாலு மில்லிமீட்டர்ப் பலகை அது. மலிவான ரகங்களில் நடுவில் இருப்பது பாலிஎதிலீன். அது எரியும். லண்டன் கிரென்ஃபெல் டவரில் 2017 ஜூன் 14 அதிகாலை நாலாவது மாடி வீடொன்றின் ஃபிரிட்ஜில் பற்றிய தீ, வெளியே ஒட்டியிருந்த இந்த வகைப் பலகைகள் வழியாக இருபத்து நாலு மாடிக் கட்டடம் முழுக்க ஏறி 72 பேரைக் கொன்றது. அதன் பிறகு இங்கிலாந்து 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருள்களையே தடைசெய்தது. இரண்டு மாடி வீட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். இரண்டு மாடியிலிருந்து ஓடி இறங்கிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் நம் ஊர்ச் சாலையோர வீடுகளைப் பாருங்கள். கீழே கடை, மேலே குடித்தனம், இரண்டுக்கும் நடுவே ஒரே படிக்கட்டு, அந்தப் படிக்கட்டு வாயிலில் ஈ.பி. மீட்டர் பெட்டிகள், அவற்றை ஒட்டியே முகப்பு முழுக்க ஷீட். தப்பித்து இறங்கும் ஒரே வழியில் எரிபொருளையும் தீப்பொறியையும் சேர்த்து வைத்திருக்கிறோம். அப்படிப்பட்ட கட்டடத்துக்கு நான் ஷீட் போட்டுத்தர மாட்டேன், வேலை போனாலும் சரி.

தீயை விட்டுவிட்டாலும் கணக்கு சரிவராது. ஷீட்டைத் தாங்கும் சட்டம் பெரும்பாலும் இரும்புச் சதுரக் குழாய். சிலிகோன் அடைத்த இணைப்பு சில வருட வெயிலில் விட்டுப்போகும், மழைநீர் உள்ளே இறங்கும், சட்டம் துருப்பிடிக்கும், சுவர் ஊறும். எதுவும் வெளியே தெரியாது. கடலோரமாக இருந்தால் இன்னும் சீக்கிரம். இடுக்கில் புறாவும் அணிலும் குடியேறும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்த மறுநாள் ஜி.எஸ்.டி. சாலையில் போனபோது, கடை முகப்புகளிலிருந்து பிய்ந்த பலகைகள் சாலை நடுவே வரை கிடந்ததைப் பார்த்தேன். ஆள் மேல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கே மனதில் பதிந்துவிட்டது.

கல்லும் டைல்ஸும் அவற்றுக்குரிய இடத்தில் நல்லவை. தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரம்வரை மழை மண்ணோடு தெறிக்கும். அங்கே கடப்பாக்கல்லோ வேறு கல்லோ ஒட்டினால் சுவர் காக்கப்படும், கழுவவும் எளிது. மாடி உயரத்தில் வெறும் சிமென்ட் பாலில் ஒட்டிய கல் எனக்குப் பயம். வெயிலில் விரிந்து சுருங்கிப் பிடி விடும். நாணயத்தால் தட்டினால் பொத்தென்று கேட்கும் இடங்களில் ஏற்கெனவே விட்டுவிட்டது என்று அர்த்தம். உயரத்தில் கல் வேண்டும் என்றால் ஸ்டீல் கிளாம்ப் போட்டு முடுக்குங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

தாத்தா கட்டிய சுண்ணாம்புக் காரை வீட்டைப் புதுப்பிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன்மேல் சிமென்ட் பூசாதீர்கள். அந்தச் சுவர் குடித்த ஈரத்தைத் தானே வெளியே விடும் சுவர். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும், உள்ளே செங்கல் மாவாக உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

பின்சுவரைப் பூசாமல் விட்டவர்கள் அலட்சியத்தால் விடவில்லை என்பது எனக்குத் தெரியும். வங்கி கட்டம் கட்டமாகக் கடனை விடுவிக்கிறது. சுவர் பூசும் கட்டம் வரும்போது கம்பி விலை ஏறியிருக்கும், மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் வந்திருக்கும். மிச்சமிருக்கும் பணத்தில் சொந்தக்காரர்கள் வந்து நின்று பார்க்கும் பக்கத்தை முடிப்பது மனித இயல்பு. அதனால்தான் வரிசையை மாற்றச் சொல்கிறேன். முகப்பு அலங்காரத்தை ஐந்து வருடம் கழித்தும் செய்துகொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. பின்சுவரை ஐந்து வருடம் கழித்துப் பூச வேண்டும் என்றால் மறுபடி சாரம், மறுபடி வாடகை, அதற்குள் ஊறிப்போன சுவர். பக்கச் சுவர் என்றால் அதுவும் முடியாது. பக்கத்து மனைக்காரர் கட்டிவிட்டால் நடுவே ஆள் நுழையவே இடம் இருக்காது. அவர் கட்டத் தொடங்கும் முன்னரே, ஒவ்வொரு தளத்தின் செங்கல் வேலை முடிந்த கையோடு அந்தப் பக்கத்தைப் பூசிவிட வேண்டும். பக்கத்து மனை காலியாக இருக்கும்போது சாரம் நிறுத்த அவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் சரி என்றே சொல்கிறார்கள்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடுகள் எழும்புகின்றன. குடிசையிலிருந்து கான்கிரீட்டுக்கு வருகிறவர்களுக்கு அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் ஓலையின் கீழ் உறங்கியவர்களுக்குக் கான்கிரீட்டின் இரவுச் சூடு புதிது. வரைபடம் ஒன்றாக இருந்தாலும் மனை திரும்பியிருக்கும் திசை ஊருக்கு ஊர் வேறு. அந்தந்த மனையில் மேற்கில் வரும் சுவருக்கு வெள்ளை வெளிப்பூச்சும், மேற்கு ஜன்னல் இருந்தால் அதற்குக் கீற்றோ பலகையோ கட்ட இரண்டு கொக்கியும் மதிப்பீட்டிலேயே சேர்க்கப்பட வேண்டும். ஒன்றியப் பொறியாளர் இடத்தைப் பார்க்கப் போகும்போது திசையையும் குறித்துக்கொண்டு வந்தால் போதும்.

தனியாரிடம் கட்டக் கொடுப்பவர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசும்போது வெளிச்சுவர் வேலை அதில் கரைந்துபோய்விடுகிறது, எலிவேஷன் மட்டும் தனியாகப் பெரிய எழுத்தில் வருகிறது. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நாலு வரி தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்: எத்தனை சதுர அடி, என்ன பூச்சு, கோழிவலை உண்டா, எத்தனை நாள் தண்ணீர், என்ன நிறம், எந்தக் கட்டத்தில் முடியும். நான் கொடுக்கும் கொட்டேஷனில் இந்த நாலு வரிக்குக் கீழேதான் எலிவேஷன் வரும். உங்கள் கான்ட்ராக்டர் அந்த நாலு வரியை எழுதித் தரும்வரை முன்பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.